உறை கேட்டுப் போனவர்கள்

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மெஷினுக்கெல்லாம் லீவு. மாட்டுக்கு லீவு கிடையாது, அதனால் எனக்கும் கிடையாது.

இந்த டைரி பொங்கலுக்குத் தீவன ஏஜென்ட் கொடுத்தது. இத்தனை மாதமும் கோலப்புள்ளி வைத்துப் பார்க்க உதவியது. இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் எங்கவர்தான். "அஞ்சாங்கிளாஸ் படிச்சவ டைரியை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறே, குடு, மோட்டார் ஓடற நேரத்தை நான் எழுதி வெக்கறேன்" என்றார். அப்படிக் கேட்டதால் கொடுக்கவில்லை.

எங்கள் கள்ளிமேட்டில் பெண்களே நடத்துகிற பால் சங்கம் இருக்கிறது. ருக்குமணி அக்கா செயலாளர். மயிலாத்தாளாகிய நான் டெஸ்டர். பாலைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி மெஷினின் குழாயை அதில் வைத்தால் உறிஞ்சிப் பார்க்கும். கொழுப்பு எவ்வளவு, சத்து எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பக்கத்தில் இருக்கிற பெட்டி திரையில் காட்டும். பெட்டி சொல்வதுதான் விலை. அதற்குமேல் பேச்சில்லை.

காலைப் பால் முடிந்ததும் பெட்டியைத் துடைத்து விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்தோம். மூன்று பொட்டு போதும் என்றார் ருக்குமணி அக்கா. அரைத்த சந்தனம் மீதி இருந்தது. பெட்டியின் ஓரத்தில் ஒரு சந்து, கீழே இரண்டு ஓட்டை. எதையும் குறை வைக்காமல் ஆளுக்கொரு அப்பு அப்பினேன். கல்யாணப் பெண் தோற்றாள்.

பூஜை போட்ட மெஷினை அன்றைக்கே எழுப்பக்கூடாது. சாயங்காலப் பாலை அளவு மட்டும் பார்த்து வாங்கினோம்.

அக்டோபர் 2, வியாழன்

எழுப்பினோம். எழவில்லை. வெள்ளை எழுத்தில் நாலைந்து வரி இங்கிலீஷ், அப்புறம் இருட்டு. மறுபடி போட்டால் மறுபடி அதே இங்கிலீஷ்.

ருக்குமணி அக்கா என்னைப் பார்த்தார். நான் சாமி படத்தைப் பார்த்தேன்.

அக்டோபர் 4, சனி

பெட்டியை விற்ற கம்பெனியின் ஈரோடு மேனேஜரே வந்தது. நவநீதன் என்று பெயர், மரியாதையான தம்பி. ஓரத்துச் சந்துக்குள் குச்சி விட்டு நோண்டி, நகம் அளவில் ஒரு கார்டை எடுத்துக் காட்டியது. கார்டு தெரியவில்லை. காய்ந்த சந்தனம்தான் தெரிந்தது.

"என்னுங்கக்கா இது?"

"சந்தனமுங்க தம்பி. நானே அரைச்சது. கலப்படம் இல்லை."

"இந்தக் கார்டுலதானுங்க மொத்த சிஸ்டமும் இருக்குது. போயிருச்சுங்க."

"வேற கார்டு போட்டுடுங்க."

"கார்டு மட்டும் தர மாட்டாங்கக்கா. இந்த மாடலையே நிறுத்திட்டாங்க. புதுப் பெட்டிதான் வாங்கோணும். அதுக்கு வருசா வருசம் சந்தா கட்டோணும்."

"பெட்டி நல்லாத்தான இருக்குது? தம்பிக்கு முன்னால முடி கொட்டிப்போச்சுன்னு தலையையா மாத்துனாங்க?"

தம்பி சிரித்தது. சிரித்துக்கொண்டே கிளம்பிப் போய்விட்டது.

பெட்டி வருவதற்கு முந்தைய காலத்தை இங்கே எழுதவேண்டும். அப்போதெல்லாம் தனியார் வேன் வரும். வேன்காரன் பாலை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பான். வெளியே வந்து வாய்க்கு வந்த எண்ணைச் சொல்வான். என் ஓரகத்தி சின்னம்மிணியின் பாலை ஊர் பார்க்க "கிணத்துப் பால்" என்றான். தண்ணீர் கலக்காதவளுக்கு அந்தப் பெயர். அதற்கப்புறம்தான் சங்கம் வைத்து இந்தப் பெட்டியை வாங்கினோம். எங்கள் பால் எப்படி என்பதை எங்கள் கண்ணால் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

இப்போது எங்களிடம் பால் எடுக்கிற டெய்ரி, இந்த மாதத்துக்குள் டெஸ்ட் சீட்டு வராவிட்டால் லாரி அனுப்பமாட்டேன் என்கிறது. லாரி நின்றால் சங்கம் இல்லை. மறுபடி வேன்தான்.

அக்டோபர் 6, திங்கள்

வேன் வந்தேவிட்டது. சங்கத்து வாசலிலேயே நிறுத்தி ஹாரன் அடித்தான்.

"மெஷின் படுத்துருச்சாமா. எங்கிட்ட ஊத்துங்கக்கா."

"உன்ற மெஷினைக் காட்டு, ஊத்தறோம்" என்றேன்.

"அது உள்ளே இருக்குதுங்க."

"எங்களுதும் உள்ளதான் இருக்குது. அது பொய் சொல்லாமயாவது படுத்திருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் நாலு பேர் சாயங்காலம் அவனிடம் ஊற்றினார்கள்.

ருக்குமணி அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மயிலா, சிந்துஜாவுக்கு ஒரு போன் போடேன். அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலைதானே."

சிந்துஜா என் மகள். சென்னையில் இருக்கிறாள். இரண்டு வருடம் முன்பு எங்கள் ஆளுகள் இல்லாத ஒரு பையனைக் கட்டிக்கொண்டாள். அதிலிருந்து வீட்டில் அவள் பேச்சே கிடையாது. எங்கவர் மனது ஒடிந்துபோய்விட்டார். அவருக்காகத்தான் நானும் பேசுவதில்லை. மற்றபடி எனக்கென்ன கோபம்.

"நம்பர் இல்லீங்கக்கா" என்றேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

நம்பர் மனப்பாடமாகத் தெரிகிறது. அதற்கு நான் என்ன பண்ணமுடியும்.

அக்டோபர் 8, புதன்

மெஷின் விஷயமாக மட்டும் சென்னைக்குப் பேசினேன்.

"அம்மா?" என்றாள்.

"பால் சங்கத்துல இருந்து பேசறேன்."

மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம். லைன் கோளாறாக இருக்கும். அப்புறம், "சொல்லுங்க சங்கம்" என்றாள். வாய் என்னை மாதிரி.

ருக்குமணி அக்கா போனில் எடுத்திருந்த இங்கிலீஷ் வரிகளின் படத்தை அனுப்பினேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கூப்பிட்டாள்.

"அம்மா, இது லினக்ஸ்."

"புதுச் சாமியா?"

"மெஷின் எழுந்ததும் முதல்ல ஓடறது அதுதாம்மா. அதுக்கு மேலதான் மத்த வேலையெல்லாம். உலகம் பூராவும் ஆயிரக்கணக்கான பேரு சேர்ந்து எழுதி, யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு விட்டது. எங்க ஆபீஸ்ல ஒரு கூடம் இருக்குது, மஞ்சள் மண்டி நீளத்துக்கு. வரிசையா பீரோ பீரோவா மெஷின் நிக்கும். குளுருல நடுங்கிக்கிட்டுத்தான் உள்ளே போகோணும். அது பூராவும் ஓடறது இதுதான். உங்க பால் பெட்டிக்குள்ள இருக்கறதும் இதேதான்."

"யானைக்கும் சித்தெறும்புக்கும் ஒரே உசுராக்கும்."

"அப்படித்தான்."

நான் விடவில்லை. "என்ற போன்ல?"

"அடியில அதுதான்."

"டிவிக்குக் கீழே வெச்சிருக்கற பெட்டியில?"

"பெரும்பாலும் இருக்கும்."

"மிக்சியில?"

"மிக்சியில இல்லம்மா."

"ஒண்ணாவது தப்பிச்சுதே."

சிரித்தாள். அப்புறம் விஷயத்துக்கு வந்தாள். கம்பெனிக்காரர்கள் அந்த லினக்ஸை எடுத்து இந்தப் பெட்டிக்குப் பொருந்துகிற மாதிரி மாற்றியிருக்கிறார்கள். மாற்றலாம், விற்கலாம், தப்பில்லை. ஆனால் பெட்டியை வாங்கினவர்கள் கேட்டால், மாற்றினதை ஒளிக்காமல் கொடுத்தாகவேண்டும். எடுக்கும்போதே ஒத்துக்கொண்ட நிபந்தனை அது. பால் கணக்குப் போடுகிற பகுதி கம்பெனியே எழுதினது, அதைக் கேட்கமுடியாது.

"அடியில இருக்கறது கிடைச்சாப் போதும்மா. மேலே வேணுங்கறதை நாங்க எழுதிக்குவோம்."

"நாங்கன்னா யாரு?"

"பெரிய மெஷினெல்லாம் நான் பாப்பேன். இந்த மாதிரிப் பொடி மெஷினெல்லாம் அவர் வேலை."

அந்தப் பையன். நான் பேச்சை மாற்றினேன். "உறை மோர் மாதிரின்னு சொல்லு" என்றேன்.

எங்கள் ஊரில் உறை மோருக்கு யாரும் விலை வைப்பதில்லை. ஒரு கரண்டி வாங்கிக்கொண்டுபோய்க் குண்டா நிறையத் தயிர் போட்டுக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் அடுத்த வீட்டுக்காரி டம்ளரோடு வந்து நின்றால் இல்லை என்று சொல்லக்கூடாது. தயிரைத் தரவேண்டாம். உறை தரவேண்டும்.

"அதேதாம்மா" என்றாள். வைக்கும்போது, "அப்பாவுக்கு முட்டி வலி தேவலையா? செவலை கன்னு பால் குடிக்குதா?" என்று கேட்டாள்.

செவலை ஈன்றது போன வாரம். ஊரில் யாருக்கோ வாய் நீளம்.

அக்டோபர் 11, சனி

சங்கத்தின் பெயரில் சிந்துஜா கம்பெனிக்கு மெயில் எழுதிப் போட்டாள். பரிசீலிக்கிறோம் என்று பதில். எங்கவரிடம் நான் புதுச் சேலை கேட்டால் வருகிற பதிலும் இதுதான்.

அவரைத் தேடிக்கொண்டு மோட்டார் ரூம் பக்கம் போனேன். போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வைத்துவிட்டு "ராங் நம்பர்" என்றார். ராங் நம்பரோடு இவ்வளவு நேரம் என்ன சிரிப்பு. கேட்கவில்லை. எனக்கு ஈரோடு போகிற யோசனை.

அக்டோபர் 13, திங்கள்

போனோம். காலைப் பால் கறந்ததும் ஆளுக்கொரு தூக்குப்போசியில் பாலை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். பஸ் நிறைய நாங்கள்தான். கண்டக்டர் "கல்யாணமாக்கா?" என்றார். "பொண்ணு பாக்கப் போறோம். பொண்ணு வாயே தொறக்க மாட்டேங்குது" என்றேன்.

கம்பெனி ஷோரூமில் கண்ணாடிக் கதவு, ஏசி. நடுவில் புது மெஷின் ஒன்றை மாலை போட்டு நிற்க வைத்திருந்தார்கள். வரிசையில் நின்று முதல் போசியை நீட்டினேன்.

நவநீதன் தம்பி ஓடிவந்தது. "அக்கா, இது டெமோ மெஷினுங்க."

"எங்க பாலும் டெமோ பால்தானுங்க. பாத்துச் சொல்லுங்க."

"இத்தனை பேருக்கும் எப்படிங்க..."

"எங்க பெட்டி எழுந்திரிக்கற வரைக்கும் தினமும் வருவோம். எங்க பாலை எங்களுக்குப் பாத்தாகோணும்."

பாவம், அந்தத் தம்பி ஒவ்வொரு போசியாகப் பார்த்துச் சீட்டுக் கிழித்துக் கொடுத்தது. நடுவில் பண்ணைக்காரர் ஒருவர் புது மெஷின் வாங்க வந்தார். எங்களைப் பார்த்துவிட்டு என்ன கூட்டம் என்று கேட்டார்.

"நாங்களும் இவங்ககிட்ட வாங்கினவங்கதானுங்க" என்றேன். "அஞ்சு வருசம் கழிச்சு நீங்களும் இங்க வந்து உக்கார வேண்டியிருக்கும். இப்பவே துண்டு போட்டு இடம் பிடிச்சுக்கங்க."

அவர் விலை கேட்காமல் போய்விட்டார். தம்பி என்னை ஓரமாகக் கூப்பிட்டது.

"உங்களுக்கு என்னதானுங்க வேணும்?"

"உறை."

"என்னுங்க?"

"நீங்க ஊர்ல உறை வாங்கித்தான் தயிர் போட்டிருக்கறீங்க. உங்க தயிரை நாங்க கேக்கலை. வாங்கின உறையில ஒரு கரண்டி குடுத்துட்டாப் போயிட்டே இருப்போம். பொழுது சாஞ்சா உறை தரக்கூடாதுன்னா சொல்லுங்க, நாளைக்கு வெடியாலேயே வர்றோம்."

தம்பிக்குப் பாதி புரிந்தது. மீதிக்கு சிந்துஜாவின் நம்பரைப் போட்டுக் கொடுத்தேன். இங்கிலீஷில் பேசினாள். நின்று கேட்டேன். ஒரு வார்த்தை விளங்கவில்லை, ஆனால் எங்கே அதட்டுகிறாள் எங்கே தணிகிறாள் என்பதெல்லாம் விளங்கியது. சின்னம்மிணி என் விலாவில் இடித்து, "அப்படியே உன்னைய மாதிரிக்கா" என்றாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்றைக்குக் கண்ணாடிக் கதவைப் பூட்டிவிட்டார்கள். வாசலில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். தம்பிக்கும் ஒரு பொட்டலம் கதவிடுக்கில் கொடுத்தோம். வாங்கிக்கொண்டது.

அக்டோபர் 15, புதன்

அதே வாசல். ருக்குமணி அக்காவுக்குக் கால் வீங்கிவிட்டது. வரிசை பாதியாகக் குறைந்தது. வேன்காரன் ஊரில் இனிமேல் ஹாரன் அடிப்பதில்லையாம், தானாகவே வருகிறார்களாம். பஸ்ஸில் திரும்பும்போது நான் யாரையும் கேலி பண்ணவில்லை. உடம்புக்கு என்ன என்று மூன்று பேர் கேட்டார்கள்.

அக்டோபர் 17, வெள்ளி

கொடுத்துவிட்டார்கள்.

வாசலில் உட்கார்ந்திருக்கிற எங்கள் படத்தைத் தம்பியே ஹெட் ஆபீசுக்கு அனுப்பி, ஏதாவது செய்யுங்கள், வியாபாரம் நடக்கவில்லை என்று சொன்னதாம். சிந்துஜாவும், லினக்ஸை எழுதினவர்களுக்கே புகார் அனுப்பப்போகிறோம் என்று எழுதினாளாம். எது வேலை செய்ததோ. புளிச்சோறு என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

என்ன கொடுத்தார்கள் என்றால் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. அவள் மெயிலுக்கு ஏதோ ஒரு முகவரி வந்தது, எல்லாம் அதற்குள் இருக்கிறதாம். இத்தனை பேர் போய்ச் சண்டை போட்டதற்கு ஒரு சாக்கையாவது தூக்கிக்கொண்டு வந்திருந்தால் ஊர் நம்பும்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எங்கவர் அந்தியூர் போய் ஒரு சட்டை எடுத்து வந்தார். அவர் உயரத்துக்கு அது முழங்காலைத் தொடும். "தள்ளுபடியில போட்டிருந்தான்" என்றார்.

அதிரசம் கூடுதலாகச் சுட்டுவிட்டேன். கை தப்பிப் போயிற்று.

அக்டோபர் 25, சனி

"போன்லயே சொல்லி முடியாதும்மா. ஒயரை மாட்டிப் பாக்கோணும். அவர் வந்துதான் ஆகோணும்" என்றாள் சிந்துஜா. நாளைக்கு வருகிறார்கள்.

அதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. சின்னம்மிணி வீட்டில் பெரிய பேச்சாம். அந்தப் பையன் சங்கத்துக்குள் கால் வைத்தால் நம் ஆளுகள் யாரும் பால் ஊற்றக்கூடாது என்று என் கொழுந்தனார் சொல்லியிருக்கிறார்.

அவர்கள் வருவதை எங்கவரிடம் சொன்னேன். அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "உனக்கு சம்மதந்தானே மயிலா?" என்றார்.

என்ன கேள்வி இது. இவருக்காகத்தானே இத்தனை நாளும் நான் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

"சங்கத்து வேலைக்கு ஆளு வருது. எனக்கென்ன" என்றேன்.

"இதைச் சொல்ல ரெண்டு வருசம்" என்று முணுமுணுத்துக்கொண்டு எழுந்து போனார். சரியாகக் காதில் விழவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

காலை பஸ்ஸில் வந்தார்கள். பையன் நெட்டை. தமிழரசன் என்று பெயர். எங்கவர் பஸ் ஸ்டாண்டுக்கே போய்க் கூட்டிவந்தார். "சீட்டுல காலு நீட்ட இடம் இருந்துச்சுங்களா, போன தடவை சொன்னீங்களே" என்று அவர் கேட்டதும், அந்தப் பையன் என்னைப் பார்த்துவிட்டு இருமினதும் என் காதில் விழுந்தது. முதல் தடவை பார்க்கிற ஆளிடம் எங்கவர் இவ்வளவு பேசி நான் கண்டதில்லை. தள்ளுபடிச் சட்டை அவனுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

பகல் பூராவும் சங்கத்து முக்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தான். சந்தனம் அடைத்த சந்தை ஊசியால் சுத்தம் பண்ணினான். புதுக் கார்டு போட்டான். சிந்துஜா பக்கத்தில் நின்று ஏதோ சொல்வாள், அவன் மறுப்பான், இவள் தலையில் தட்டுவாள். யானையும் சித்தெறும்பும். சாயங்காலப் பால் வருகிற நேரத்தில் திரை எழுந்தது. இங்கிலீஷ் இல்லை. கொழுப்பு, சத்து, தண்ணீர் என்று தமிழில் எழுதியிருந்தது. ருக்குமணி அக்கா ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டி வாசித்தார்.

வரிசையில் முன்னால் நின்றவள் சின்னம்மிணி.

"அக்கா, கோவிச்சுக்காதே. அந்தப் பையன் தொட்ட பெட்டியில எங்க பாலை ஊத்த மாட்டோம். எங்கூட்டுல சொல்லி உட்டாங்க."

பையன் பெட்டியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"சின்னு" என்றேன். "இந்தப் பெட்டிக்குள்ள ஓடறதை ஆயிரக்கணக்கான பேரு எழுதியிருக்காங்க. எந்த ஊரு, எந்த ஆளுக, எந்தச் சாமியைக் கும்பிடறாங்க, ஒருத்தருக்கும் தெரியாது. இந்த அஞ்சு வருசமும் அதுலதான் உன்ற பாலை ஊத்துனே. கிணத்துப் பால்னு சொன்னவன் வாயை அதுதான் அடைச்சுது. உன்ற போன்ல அதுதான் ஓடுது. நீ சீரியல் பாக்கற பெட்டியிலயும் அதுதான். அத்தனையும் குப்பையில கொட்டிட்டு வா, அப்புறம் இவரு கையைப் பத்திப் பேசலாம். மிக்சியை மட்டும் வெச்சுக்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சின்னம்மிணி சிரிக்கவில்லை. போசியை எடுத்துக்கொண்டு வேன் பக்கம் நடந்தாள். கூட இரண்டு பேர் போனார்கள். நான் கூப்பிடவில்லை. வேன் கதவு சாத்துகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. மற்றவர்கள் நகரவில்லை. நிற்பதா போவதா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

என் பாலைக் கிண்ணத்தில் ஊற்றிக் குழாயை வைத்தேன். அவன் அப்படியே மடியில் கையோடு உட்கார்ந்திருந்தான்.

"மாப்பிள்ளைங்க, பாத்துக்கிட்டே இருந்தா பால் புளிச்சுரும். பட்டனை அமுத்துங்க."

அமுத்தினார். மெஷின் உறிஞ்சியது. பெட்டி யோசித்து, என் செவலையின் பாலில் கொழுப்புக் குறைவு என்று ஊர் முன்னால் காட்டியது. இங்கிலீஷாக இருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பேன்.

"மயிலா, இப்ப அவரை என்னன்னு கூப்பிட்டே?" என்றார் ருக்குமணி அக்கா.

"காது கேக்கலீங்களா அக்கா? அடுத்த ஆளு வாங்க."

அடுத்த ஆள் வந்தார். அதற்கடுத்தவரும் வந்தார். சிந்துஜா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். திரை வெளிச்சத்தில் கண் கூசியிருக்கும்.

அவசரத்தில் அப்படிக் கூப்பிட்டுவிட்டேன். பால் புளித்துவிடுமே என்கிற அவசரம். வேறொன்றுமில்லை.